இடது பின்னங்கால்

முகம் நான் இல்லை. தும்பிக்கையும் இல்லை.
நான் இடது பின்னங்கால்.
யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்த தோலுக்குள்
குனிந்தே நிற்பேன்.
முன்னால் சம்சியாவின் முதுகு.
பக்கத்தில் வலது பின்னங்காலாக லிட்டி,
அவள் மெல்லும் ஏலக்காயின் வாசம்.
மோட்டார் பைப்பைத் தும்பிக்கையாய் ஆட்டுகிறவன் பிரசோப்.
ஊர் அவனைத்தான் பார்க்கும்.

கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவே
பூட்டிக்கிடந்த அரிசி மில்லில் ஒத்திகை.
பாட்டு நவ்ஃபலுடையது. இரவில் இரும்பு மில், பகலில் கீபோர்டு.
நடுவில் ஒரு கட்டை செத்திருந்தது.
அதைத் தொடாமலே ஒன்றரை மணி நேரத்தைக் கட்டியிருந்தான்.

பதினான்கு பேர் ரயில். அவர்களுக்கு ஏழு.
நாங்கள் நால்வர் யானை. எங்களுக்கு ஐந்து.
முப்பத்தைந்தில் ஒருமுறை இரண்டும் முட்டும்.
"முட்டுற இடத்துலதான் சாவு" என்றான்,
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

இரண்டு மாதம் முட்டவேயில்லை.
முப்பத்துநாலில் செத்தோம். முப்பத்தாறில் செத்தோம்.
ஒருநாள் ரயில் எங்களைத் தாண்டிப் போய்
கக்கூஸ் கதவில் மோதியது.

யானையா ஆனயா என்று ஒரு வாரம் சண்டை.
யானை என்றால் கடைசியில் வாய் சுருங்குகிறது,
ஆன என்றால் திறந்தே நிற்கும்,
அலறுவதற்கு அதுதான் தோது என்றான் பிரசோப்.
தமிழ்ப் பாட்டுக்குள் அந்த ஒரு சொல் மட்டும்
மலையாளத்தில் வாய் பிளந்து நின்றது.

பிறகு நிஜ ரயில்.
ஏழு ஐம்பதுக்கு வரும் சரக்கு வண்டி
எந்தப் பாட்டையும் அரைத்துவிட்டுத்தான் போகும்.
நவ்ஃபல் அதனோடு மல்லுக்கு நிற்கவில்லை.
இடம் விட்டான்.
எழுபது எண்ணிக்கை யாரும் வாய் திறக்கக்கூடாது.
வண்டி பாடட்டும். எழுபதில் நாம் சாவோம்.

அரங்கேற்றம், கேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில்.
ஏழு ஐம்பது. நிறுத்தினோம்.
வண்டி வரவில்லை.

சாக்கு இருட்டில் எண்ணினேன்.
பன்னிரண்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
இருபத்தாறில் ஒரு குழந்தை, "கரண்டு போச்சா?"
நாற்பதில் சம்சியாவின் முதுகு மூச்சை நிறுத்தியது.
ஐம்பத்தொன்றா, ஐம்பத்தாறா,
எனக்கு விட்டுப்போயிற்று.
எழுபது வருமுன்னே கால் எழுந்துவிட்டது.

பின்னங்கால் நடந்தால் யானை நடந்தாக வேண்டும்.
முன்னங்கால்கள் இடறி ஓடின.
"டேய், டேய்" என்று தும்பிக்கை முணுமுணுத்தது.
சுண்ணாம்பில் கிழித்த தண்டவாளத்தைத் தாண்டி
அந்தப் பக்கம் போய் நின்றோம்.
அப்புறம்தான் வந்தது ரயில்,
பதினான்கு தொண்டையோடு,
இடிக்க யாருமில்லாத இடத்துக்கு.

இன்னும் இருபது நிமிட ஒப்பாரி பாக்கி.
நவ்ஃபலின் விரல் செத்த கட்டையின் மேல் நின்றதை
லிட்டி ஓட்டை வழியாகப் பார்த்தாளாம்.
பிறகு தொடங்கிவிட்டான். வேறென்ன செய்வான்.
எங்களுக்காக எழுதிய அழுகையை
நின்றுகொண்டே கேட்டோம்.
தும்பிக்கை ஒருதரம் தரையைத் தடவியது,
ஒத்திகையில் அப்படியொன்று இல்லை.
கழுத்தெலும்பு வரை வியர்வை இறங்க
என் சாவுக்கு ஊரே அமைதியாய் இருப்பதைக்
காலாக இருந்து கேட்டேன்.

கைதட்டினார்கள். நாடகமே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.
தண்டவாளத்தில் வேலை பார்க்கும் ஒருத்தர் மட்டும்
டார்ச்சை அணைத்துவிட்டு வந்தார்.
"கொள்ளாம்.
ஆனா அங்ஙனே நடக்காறில்ல."
பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நவ்ஃபல் திட்டவில்லை.
"நாளைக்கு விரலை மடக்கி எண்ணு."

ஒன்பதரைக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது
சரக்கு வண்டி வந்தது.
எல்லோர் கையும் நின்றது.
ரயிலாய் இருந்தவர்கள் ஏழேழாய் உதடசைத்தார்கள்.
நான் ஐந்தைந்தாய், விரல் மடக்கி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
ஏழிலும் அடங்கவில்லை, ஐந்திலும் அடங்கவில்லை.